குழாயை எவ்வளவு திறப்பது? – இஞ்சின் குளிர்நீர் பற்றி ஒரு பாடம்

சென்ற மார்கழியில் ஒருநாள் நியூசிலாந்திலிருந்து என் தங்கை மகன் தொலைபேசியில் அழைத்தான். நண்பர்கள் மூவரோடு சேர்ந்து பழைய ஜெட் படகு ஒன்றை வாங்கியிருக்கிறான். நமக்கு மார்கழிப் பனி. அவர்களுக்கோ அது கோடைக்காலம், படகுக்காலம்.

"மாமா, ஒரு சந்தேகம். இஞ்சினிலிருந்து புகை வெளியேறுகிற ஹெட்டர் குழாய்களுக்குத் தண்ணீர் விட ஒரு வால்வு இருக்கிறது. அதை எவ்வளவு திறந்து வைக்கணும்? ஒருத்தர் முழுசா திறந்து விடுங்கறார். இன்னொருத்தர் கால் திருகு போதும்கறார். ஒரு பக்கத்து ரப்பர் குழாய் வேற கருகின மாதிரி இருக்கு" என்றான்.

"உங்க தாத்தா கிணத்து இஞ்சின்ல ஒரு பித்தளைக் குழாய் இருந்ததே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"சுடுதண்ணி ஒழுகுமே, அதுவா? நாங்க கால் கழுவுவோம்."

"அதேதான். உன் கேள்விக்குப் பதில் அதுலதான் இருக்கு."

அன்று அவனுக்குத் தொலைபேசியில் பாதியும் கடிதத்தில் மீதியுமாகச் சொன்னதை நம் இதழ் அன்பர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன். குடிபாலாப் பக்கம் கழனி வைத்திருப்போர், கரும்பாலை நடத்துவோர், ஜெனரேட்டர் வைத்திருப்போர் எல்லோருக்கும் இது உதவும். பள்ளியில் தெலுங்கில் அறிவியல் படிக்கும் நம் பிள்ளைகள் வீட்டில் தமிழில் ஒருமுறை படித்துப் பார்க்கலாம்.

நம் ஊர் இஞ்சினும் அந்த ஊர்ப் படகும்

2004-ல் ஆந்திராவில் விவசாயத்துக்கு இலவச மின்சாரம் வந்த பிறகு நம் கிணறுகளில் ஆயில் இஞ்சின் சத்தம் குறைந்துவிட்டது. அதற்கு முன் சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையின் இருபுறமும் அந்த "டுக் டுக்" ஓசை கேட்காத கழனி இல்லை. இன்றும் ஆலை ஆட்டவும், ஏரியிலிருந்து நீர் இறைக்கவும், மின்சாரம் நின்றால் கைகொடுக்கவும் அவை இருக்கத்தான் செய்கின்றன.

அந்த 5 குதிரைத்திறன் இஞ்சினை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒற்றை சிலிண்டர், நிமிடத்துக்கு 1,500 சுற்று. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்க ஓர் உறை. பம்பின் டெலிவரிக் குழாயில் துளையிட்டுச் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தி, நடுவே ஒரு பித்தளைத் திருகு வைத்து அந்த உறைக்குள் விட்டிருப்பார்கள். கிணற்று நீரில் ஒரு சிறு பங்கு இதன்வழியே உள்ளே போய், சூட்டை வாங்கிக்கொண்டு, மேலே உள்ள குழாய் வழியாக வெளியே வந்து வாய்க்காலில் விழும். தனி ரேடியேட்டரோ தனி பம்போ இல்லை. இறைக்கும் பம்பே இஞ்சினையும் குளிர்விக்கிறது.

ஜெட் படகிலும் இதே ஏற்பாடுதான். நியூசிலாந்துக்காரரான பில் ஹாமில்டன் 1950-களில் ஆழமில்லாத ஆறுகளுக்காக இவ்வகைப் படகைச் செம்மைப்படுத்தினார். வெளியே சுழலி கிடையாது. படகின் அடியிலிருந்து நீரை உறிஞ்சிப் பின்பக்கமாகப் பீய்ச்சும் பம்பு ஒன்று உண்டு. அந்த வேகத்தில் படகு முன்னால் பாயும். 1960-ல் இத்தகைய படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியே நீரோட்டத்தை எதிர்த்து ஏறின. 1977-ல் எவரெஸ்ட் வீரர் எட்மண்ட் ஹிலாரி மூன்று ஜெட் படகுகளில் கங்கைக் கழிமுகத்திலிருந்து புறப்பட்டு நந்தப்பிரயாகை அருகே ஓர் அருவி வழிமறிக்கும் வரை போனார். நம் நாட்டு ஆறும் இந்த பம்புக்கு அறிமுகமானதுதான்.

இந்தப் படகுகளில் பலவற்றில் இஞ்சினைக் குளிர்விக்கும் நீரை ஜெட் பம்பின் அழுத்தப் பக்கத்திலிருந்தே சிறு குழாய் வைத்து எடுக்கிறார்கள். நடுவே ஒரு திருகு இருக்கும். ஆக, நம் கிணற்றடிப் பித்தளைக் குழாயும் அந்தப் படகின் வால்வும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. கேள்வியும் ஒன்றே: எவ்வளவு திறப்பது?

நான் செய்த தவறு

இதில் நான் பாடம் படித்த விதத்தை மறைக்க விரும்பவில்லை.

1982 பொங்கலுக்கு விடுப்பில் ஊருக்கு வந்தேன். டிப்ளமோ முடித்து ரயில்வேயில் சேர்ந்த புதிது. அப்பா கிணற்றில் இஞ்சினை ஓட்டிக்கொண்டிருந்தார். பித்தளைக் குழாயைக் கொஞ்சமாகத்தான் திறந்திருந்தார். வெளியே விழும் நீர் விரல் நூல் பருமன், தொட்டேன், சுட்டது. அந்தச் சுடுநீரில்தான் அம்மா பால் சொம்புகளைக் கழுவுவார்.

"இஞ்சின் கொதிக்குதுப்பா! இப்படி ஓட்டினா பிஸ்டன் பிடிச்சிக்கும்" என்று சொல்லிக் குழாயை முழுக்கத் திறந்துவிட்டேன். குளிர்ந்த நீர் கொட்டியது. எனக்குப் பெருமை.

"நீ படிச்சவன். நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா. அதன்பின் அவர் அந்தத் திருகைத் தொடவில்லை. இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

1984 கோடையில், கரும்பு இடுப்பளவு நின்றபோது, இஞ்சின் கிளம்ப மறுத்தது. கம்ப்ரஷன் இல்லை. மேஸ்திரி பிரித்துப் பார்த்துவிட்டு, "லைனர் மேல்பக்கம் தேய்ஞ்சி விளிம்பு கட்டியிருக்கு. ரிங்கும் போச்சு. தண்ணி ரொம்ப விட்டு ஓட்டியிருக்கீங்க, பெரியவரே" என்றாராம். லைனர், பிஸ்டன், ரிங் எல்லாம் புதிது வாங்கி மாட்டி ஓட்டுவதற்குள் இருபது நாள் போயிற்று. கரும்பில் பாதி காய்ந்தது. செலவுக்குக் கறவை மாட்டை விற்றார்கள். அம்மாவுக்குக் கழுவச் சுடுநீரும் வரவில்லை, கழுவச் சொம்பும் நிறையவில்லை.

அப்பா எனக்கு எழுதிய கடிதத்தில் "இஞ்சின் ரிப்பேர் ஆகி இப்போது நன்றாக ஓடுகிறது" என்று மட்டும் எழுதியிருந்தார். மேஸ்திரி சொன்னதை அடுத்த விடுப்பில் தங்கைதான் சொன்னாள். அப்பா கடைசி வரை அதைப்பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

சூடு எங்கே போகிறது?

இப்போது பாடத்துக்கு வருவோம். 5 குதிரைத்திறன் இஞ்சின் முழுப் பளுவில் மணிக்குச் சுமார் 1.1 லிட்டர், அதாவது 0.92 கிலோ டீசல் குடிக்கும். ஒரு கிலோ டீசல் எரிந்தால் சுமார் 10,200 கிலோ கலோரி வெப்பம். ஆக மணிக்குச் சுமார் 9,400 கிலோ கலோரி.

இந்த வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு பம்பைச் சுழற்றும் வேலையாகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. ஏறத்தாழ 30 சதவீதம், அதாவது 2,800 கிலோ கலோரியை, குளிர்நீர் எடுத்துச்செல்ல வேண்டும். ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோ கலோரி போதும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது போதும், நம் கணக்கைப் போட்டுவிடலாம்.

கிணற்று நீர் 28 டிகிரி. வெளியே வரும் நீர் 60 டிகிரி இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு லிட்டரும் 32 கிலோ கலோரி எடுத்துப்போகும். 2,800-ஐ 32-ஆல் வகுத்தால் மணிக்குச் சுமார் 88 லிட்டர். அப்படியானால் ஒரு லிட்டர் சொம்பு நிறையச் சுமார் 40 விநாடி ஆகும்.

குழாயை முழுக்கத் திறந்தால் என்ன ஆகும்? வெளியே வரும் நீர் 34 டிகிரி என்று வைத்துக்கொண்டால், லிட்டருக்கு 6 கிலோ கலோரிதான் போகிறது. மணிக்குச் சுமார் 470 லிட்டர் ஓடுகிறது. அதே சொம்பு 8 விநாடியில் நிறைந்துவிடும்.

இரண்டு நிலையிலும் இஞ்சினிலிருந்து போகும் வெப்பம் ஏறத்தாழ ஒன்றுதான். சிலிண்டர் சுவரின் சூடுதான் வேறு. முதலாவதில் சுவர் வேண்டிய சூட்டில் இருக்கிறது. இரண்டாவதில் குளிர்ந்து கிடக்கிறது. அப்பா வைத்திருந்த "விரல் நூல்" அளவு கிட்டத்தட்ட முதல் கணக்கு. அவருக்குக் கலோரி தெரியாது. பல வருடம் இஞ்சினோடு பழகியவருக்கு அது தேவைப்படவும் இல்லை.

குளிர்ச்சி எப்படிக் கெடுக்கிறது?

"தண்ணீர் அதிகமானால் என்ன நஷ்டம், குளிர்ச்சி நல்லதுதானே?" என்று பலர் கேட்பார்கள். நானும் அப்படி நினைத்தவன்தான்.

டீசலில் ஹைட்ரஜன் இருக்கிறது. அது எரியும்போது நீராவியாகிறது. ஒரு கிலோ டீசல் எரிந்தால் ஒரு கிலோவுக்கும் சற்று மேலாகவே நீராவி உண்டாகும். சிலிண்டர் சுவர் சூடாக இருந்தால் அது ஆவியாகவே புகையோடு வெளியேறும். சுவர் குளிர்ந்திருந்தால், குளிர்ந்த செம்பின் வெளிப்புறம் வியர்ப்பதுபோல, ஈரம் உள்சுவரில் படியும். அந்த ஈரம் ஆயில் படலத்தைக் கழுவிவிடும். டீசலில் கந்தகம் இருந்தால் அது ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கும் பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு மேல் கூடாது. என் அப்பா காலத்து டீசலில் அதைப்போல் பல நூறு மடங்கு இருந்தது. அமிலத் தொல்லை இன்று குறைவு. ஆனால் ஈரத்தொல்லை அப்படியேதான் இருக்கிறது. குளிர்ந்த சிலிண்டரில் டீசலும் முழுக்க எரியாது. எரியாத துளிகள் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். டீசல் செலவும் ஏறும்.

அறிகுறிகள் இவை: இஞ்சின் சூடேறிய பிறகும் வெண்புகை, சைலன்சர் வாயில் கரிய பிசுக்கு, கடகட என்ற தட்டும் ஒலி, ஆயில் சீக்கிரம் கறுத்தல்.

நான் பின்னர் வேலை பார்த்த டீசல் ஷெட்டில் டபிள்யூ.டி.எம்.2 ரக இஞ்சின்கள் இருந்தன. 16 சிலிண்டர், 2,600 குதிரைத்திறன். 1962-ல் அமெரிக்காவிலிருந்து வந்து, 1964 முதல் வாரணாசியில் நாமே கட்டியவை. அதில் குளிர்நீர் ரேடியேட்டரில் சுற்றும். ரேடியேட்டர் விசிறி எப்போதும் சுழலாது. நீர் அறுபது டிகிரியைத் தாண்டிய பிறகுதான் சுழலத் தொடங்கும், இன்னும் சில டிகிரி ஏறினால் வேகம் கூடும். அதையும் மீறி எண்பத்தைந்து, தொண்ணூறு என்று ஏறினால் அபாய மணி அடிக்கும். புது ஆளாக இருந்தபோது, "விசிறியை எப்போதும் சுழல விட்டால் என்ன?" என்று மூத்த சார்ஜ்மேன் ஒருவரிடம் கேட்டேன். "அப்புறம் லைனரை யார் மாற்றுவது?" என்றார். அன்று என் காதில் அப்பாவின் கிணற்றுத் தண்ணீர் கொட்டும் ஓசை கேட்டது.

அப்படியானால் கொதிக்க விடலாமா?

கூடாது. இதற்கு மேல் வரம்பும் உண்டு. நம் பக்கத்துக் கிணற்று நீரும் போர் நீரும் பாறையிலிருந்து வருபவை, பெரும்பாலும் கடினநீர். வெந்நீர்த் தவலையின் அடியில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பைப் பார்த்திருப்பீர்கள். நீர் அறுபது டிகிரியைத் தாண்டித் தாண்டி ஏற, அந்தப் படிவு வேகமாகச் சேரும். சிலிண்டர் உறைக்குள் அது படிந்தால் வெப்பம் வெளியே போக வழி இல்லாமல், வெளிநீர் சில்லென்று இருக்கும்போதே உள்ளே இரும்பு கொதிக்கும்.

கடல் நீரை நேராக உள்ளே விடும் படகு இஞ்சின்களில் இதனால்தான் 60 டிகிரி அளவில் திறக்கும் தெர்மோஸ்டாட்டை வைக்கிறார்கள். சுத்த நீர் மூடிய சுற்றில் ஓடும் இஞ்சினுக்கு 80 டிகிரியைத் தாண்டியும் வைக்கலாம். ஆகவே கிணற்று நீரோ ஆற்று நீரோ நேராக உள்ளே போகும் இஞ்சினுக்கு வெளிவரும் நீர் 55-லிருந்து 60 டிகிரி என்று நினைவில் வையுங்கள். அதற்குக் கீழே ஈரம், மேலே சுண்ணாம்பு.

திருகை வைக்கும் முறை

1. இஞ்சினைக் கிளப்பும்போது குழாய் கொஞ்சம் திறந்திருக்கட்டும். முழுக்க மூடி ஒருபோதும் கிளப்பக்கூடாது.

2. வழக்கமான பளுவில் பத்து, பதினைந்து நிமிடம் ஓடட்டும். சும்மா ஓடும்போது வைத்த அளவு பளுவில் பொருந்தாது.

3. வெளிவரும் நீரை ஒரு செம்பில் பிடித்து வெப்பமானியால் பாருங்கள். சமையலுக்கு விற்கும் சாதாரண வெப்பமானி போதும். அது இல்லையென்றால் வெளிக்குழாயை விரலால் தொட்டுப் பார்க்கலாம். 45 டிகிரியில் கை நிம்மதியாக நிற்கும். 50-ல் சில விநாடி தாங்கும். 60-ல் தானாக இழுத்துக்கொள்ளும். நீருக்குள் கையை விடவேண்டாம். பிள்ளைகளைப் பக்கத்தில் விடவும் வேண்டாம்.

4. கால் திருகு மட்டும் மூடியோ திறந்தோ, ஐந்து நிமிடம் பொறுத்து, மறுபடி பாருங்கள். ஒரேயடியாகத் திருகினால் சூடு நிலைக்கு வருமுன் ஏமாந்துபோவோம்.

5. சரியான நிலை கிடைத்ததும் திருகின் தலையிலும் உடலிலும் அரத்தால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். சொம்பு நிறைய எத்தனை விநாடி என்று கொட்டகைச் சுவரில் எழுதி வையுங்கள்.

6. மேட்டுக் கழனிக்கு நீளக் குழாய் போட்டு இறைத்தால் டெலிவரிக் குழாயில் அழுத்தம் கூடும். அதே திருகில் அதிக நீர் வரும். பக்கத்து வாய்க்காலிலேயே விட்டால் அழுத்தம் குறையும், நீரும் குறையும். ஆகவே இறைக்கும் இடம் மாறினால் சொம்பை மறுபடி பிடித்துப் பாருங்கள்.

7. சிறு குழாயில் இலை, பாசி, நத்தை அடைத்தால் நீர் நின்றுபோகும். வெளிவரும் நீர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் விழட்டும்; வாய்க்காலுக்குள் மறைத்துவிடாதீர்கள். நின்றுவிட்டால் பளுவை உடனே குறைத்து இஞ்சினை நிறுத்தித் தானாக ஆறவிடுங்கள். சூடேறிய இஞ்சினில் குளிர்ந்த நீரைத் திடீரென்று விட்டால் தலைப்பகுதி வெடித்துக் கோடு விழும்.

இதைவிட நல்ல வழி டிரம் வைப்பது. பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் விவசாயிகளுக்குப் பல வருடமாக இதைச் சொல்லி வருகிறது. 200 லிட்டர் டிரம்மை இஞ்சினை விடச் சற்று உயரத்தில் வைத்து, அடியிலிருந்து ஒரு குழாயை இஞ்சினின் கீழ்வாய்க்கும், இஞ்சினின் மேல்வாயிலிருந்து ஒரு குழாயை டிரம்மின் மேல்பகுதிக்கும் இணைக்க வேண்டும். சூடான நீர் லேசாகி மேலேறும், குளிர்ந்த நீர் கீழே இறங்கும். பம்பு இல்லாமலே சுற்றும். மேல்குழாயின் வாய் எப்போதும் நீருக்குள் மூழ்கியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுற்று நின்றுவிடும். முன்போட்ட கணக்குப்படி, வெளியே சூடு போகாவிட்டால் 200 லிட்டர் நீர் மணிக்கு 14 டிகிரி ஏறும். ஆகவே இரண்டு மணி நேரத்தில் ஏறத்தாழ வேண்டிய சூட்டுக்கு வந்துவிடும். அதன்பின் டிரம்மின் மேற்பரப்பிலிருந்து சூடு போய்க்கொண்டேயிருக்கும். நீண்ட நேரம் ஓடினால் அளவு பார்த்து நீர் சேர்க்க வேண்டும். அதே நீர் திரும்பத் திரும்பச் சுற்றுவதால் சுண்ணாம்பும் குறைவாகவே சேரும்.

படகின் ஹெட்டருக்கு வருவோம்

நம் கிணற்று இஞ்சினில் புகைக்குழாய் காற்றிலேயே ஆறிவிடும். படகில் அப்படி விட முடியாது. பெட்ரோல் இஞ்சின் முழு வேகத்தில் விடும் புகை 600 டிகிரியைத் தாண்டும். அதைச் சுமக்கும் குழாய்த் தொகுதிக்குத்தான் ஹெட்டர் என்று பெயர். மூடிய பெட்டிக்குள், பெட்ரோல் தொட்டி அருகே, மரத்தாலோ கண்ணாடி நாராலோ ஆன படகில் அது சிவந்து நின்றால் தீதான். ஆகவே புகைக்குழாயைச் சுற்றி நீருறை அமைப்பார்கள். அல்லது குழாயின் கடைசியில், ரப்பர் குழாய்க்கு முன்பாக, புகைக்குள்ளேயே நீரைத் தெளிப்பார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கிணற்று இஞ்சின் எப்போதும் 1,500 சுற்றில் ஓடும். படகின் இஞ்சின் 1,000 சுற்றிலும் ஓடும், 4,000 சுற்றிலும் ஓடும். பம்பின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும்: வேகம் நான்கு மடங்கானால் அழுத்தம் பதினாறு மடங்கு. அசையாத திருகு ஒன்றின் வழியே போகும் நீர், அழுத்தத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் கூடும். ஆகவே நீர் நான்கு மடங்கு. ஆனால் பம்பைச் சுற்ற வேண்டிய சக்தி வேகத்தை மூன்று முறை பெருக்கிய தொகைக்கு ஏற்ப ஏறும்: நான்கு மடங்கு வேகத்துக்கு அறுபத்து நான்கு மடங்கு. அத்தனை சக்திக்கு அத்தனை வெப்பம்.

நீர் 4 மடங்கு, வெப்பம் 64 மடங்கு! உராய்வையும் மற்றதையும் சேர்த்தால் கணக்கு இவ்வளவு துல்லியமாக வராது. ஆனாலும் போக்கு இதுதான். முழு வேகத்துக்குச் சரியாக வைத்த திருகு, மெதுவாக ஓடும்போது தேவையைப்போல் பல மடங்கு நீரை விடும். மெதுவான ஓட்டத்துக்குச் சரியாக வைத்தால், வேகத்தில் ரப்பர் குழாய் கருகும். "முழுசா திற" என்றவரும் "கால் திருகு போதும்" என்றவரும் ஆளுக்கொரு வேகத்தை மனதில் வைத்துப் பேசியிருக்கிறார்கள்.

மெதுவாக ஓடும்போது அதிக நீரால் வரும் ஆபத்து பெரியது. அப்போது புகையின் தள்ளும் வேகம் குறைவு. வால்வுகள் இரண்டும் சற்றே திறந்திருக்கும் கணத்தில் புகை கொஞ்சம் பின்னோக்கி உறிஞ்சப்படும். தெளித்த நீரும் கூடவே சிலிண்டருக்குள் வரும். முதலில் துரு பிடிக்கும். அதிகமானால் பிஸ்டன் மேலேறும்போது நீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளையும். கிணற்று இஞ்சினில் ஈரம் இரண்டு வருடத்தில் செய்ததை, இங்கே ஒரு செம்பு நீர் ஒரு நொடியில் செய்துவிடும்.

என் மருமகப்பிள்ளைக்கு எழுதிய முறை இது:

முதலில் இஞ்சினுக்குப் போகும் திருகை, வழக்கமாக ஓடும் வேகத்தில், வெளிவரும் நீர் 60 டிகிரி வரும்படி வை. இஞ்சினிலிருந்து வெளிவரும் நீரை இரண்டாகப் பிரித்து, ஒரு பங்கை ஹெட்டருக்கும் மீதியை நேராக வெளியேயும் விடு. அப்போது ஹெட்டரின் திருகை மாற்றினாலும் இஞ்சினின் சூடு அதிகம் மாறாது. ஹெட்டர் திருகைச் சிறிதாகத் திறந்து, வழக்கமான வேகத்தில் சில நிமிடம் ஓட்டி, ரப்பர் குழாயைத் தொட்டுப் பார். கை தாங்கும் வரை கால் திருகு, கால் திருகாகத் திற. அதற்கு மேல் வேண்டாம். இடப்பக்கம், வலப்பக்கம் இரண்டும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் கருகுகிறது என்றால், திருகில் கை வைக்குமுன் அந்தப் பக்கத்துக் குழாயில் மணல் அடைத்திருக்கிறதா பார். கரையை நெருங்கி மெதுவாக ஓடும்போது ஹெட்டர் திருகைக் குறை. வேகம் எடுக்கும்போது மறக்காமல் மறுபடி திற. மாதம் ஒருமுறை ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார். துருவோ ஈரமோ இருந்தால் நீர் அதிகம் என்று பொருள்.

பத்து நாள் கழித்து அவன் மறுபடி அழைத்தான். கருகின பக்கத்துக் குழாயில் ஆற்று மணல் கெட்டியாக அடைத்திருந்ததாம். சுத்தம் செய்தபின் இரண்டு பக்கமும் ஒன்றாக வருகிறது. திருகில் அரத்தால் கோடும் போட்டுவிட்டானாம்.

மாணவர்களுக்கு ஒரு கணக்கு

ஒரு கரும்பாலை இஞ்சின் பாதிப் பளுவில் ஓடுகிறது; குளிர்நீர் மணிக்கு 1,600 கிலோ கலோரி எடுத்துப்போக வேண்டும். தொட்டி நீர் 28 டிகிரி, வெளிவரும் நீர் 60 டிகிரி இருக்க வேண்டும். ஒரு லிட்டர் சொம்பு நிறைய எத்தனை விநாடி? (1,600-ஐ 32-ஆல் வகுத்தால் மணிக்கு 50 லிட்டர்; ஒரு மணிக்கு 3,600 விநாடி; ஆகவே 72 விநாடி.)

அப்பாவின் இஞ்சின் இப்போது இல்லை. பித்தளைத் திருகை மட்டும் நான் எடுத்து வைத்திருக்கிறேன். கழனியில் இஞ்சின் வைத்திருப்போர் நாளைக்கே ஒரு செம்பும் கடிகாரமும் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பிடிவாதமாகக் குழாயை முழுக்கத் திறந்து வைக்கும் படித்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் இந்தப் பக்கத்தை அவனிடம் கொடுங்கள். இஞ்சினோடு பல வருடம் பழகிய பெரியவர் திருகைக் கொஞ்சமாக வைத்திருந்தால், அதைத் தொடுமுன் ஏன் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.